ஏழாம் இலக்க வீட்டில் எத்தனை பேர்

எங்கள் கட்டடத்தில் பன்னிரண்டு வீடுகள். தெருவாசலிலிருந்து என் கதவு வரை முப்பத்தாறு படிகள். பதினேழாவது படியின் ஓரம் உடைந்திருக்கிறது. நான்கு முறை எழுதிக் கொடுத்தும் யாரும் திருத்தவில்லை. சிட்னியின் ஹோம்புஷ் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் வழியில் ஒன்பது சாப்பாட்டுக் கடைகள், அவற்றில் ஐந்தில் தோசை. இவ்வளவும் சொல்லத் தெரிந்த எனக்கு, ஒரு மாடி கீழே ஏழாம் இலக்க வீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது மட்டும் பதினொரு வருடமாகத் தெரியாமல் இருந்தது. இன்றும் நிச்சயமாகத் தெரியாது. அந்த வீட்டின் சொந்தக்காரியான பலஸ்தீனப் பெண்மணிதான் காரணம்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் கோபிப்பார். அவர் இறந்து ஒரு குளிர்காலம் கடந்துவிட்டது. அதற்காக அவருடைய கோபத்தைக் குறைத்து மதிப்பிட நான் தயாரில்லை.

நான் கொழும்பில் அரசாங்கப் புள்ளிவிவரப் பகுதியில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன். மூன்று குடிசன மதிப்பீடுகளில் பங்கெடுத்தவன். இங்கே வந்து வீடு வாங்கிய இரண்டாம் மாதமே கட்டடத்து உரிமையாளர் குழுவுக்கு என்னைச் செயலாளராக்கினார்கள். வேறு ஒருவரும் கை தூக்கவில்லை என்பதைத் தகுதி என்று எடுத்துக்கொண்டேன். முதல் வேலையாக, எந்த வீட்டில் எத்தனை பேர் என்று ஒரு பட்டியல் தயாரிக்கக் கிளம்பினேன். பதினொரு வீடுகள் ஒரே மாலையில் முடிந்தன. ஏழாம் இலக்கத்தில் கதவைத் திறந்தவருக்கு என்னைவிட மூன்று நான்கு வயது கூட இருக்கும். குட்டையானவர், கையில் தையல் அளவுநாடா.

"எத்தனை பேர் இருக்கிறீங்கள், அக்கா?"

"எத்தனை பேர் எண்டால் உங்களுக்கு வசதி?"

"வசதியைப் பற்றிக் கேக்கேல்லை. உண்மையான தொகை வேணும்."

"உண்மை வேணுமெண்டால் உள்ளுக்கு வாங்கோ. கோப்பி போடுறன். அதுக்குக் கொஞ்சம் நேரமெடுக்கும்."

நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். அது இருவருக்கும் இரவல் மொழி. அவருடையது அரபு வாசத்தோடும் என்னுடையது அலுவலக வாசத்தோடும் வரும். இங்கே அவர் பேச்சை என் யாழ்ப்பாணத் தமிழில் எழுதுகிறேன். படித்த மனிதரைத் தங்கள் ஊரில் அழைப்பதுபோல் என்னை 'உஸ்தாஸ்' என்பார். அதில் மரியாதை எத்தனை வீதம், கிண்டல் எத்தனை வீதம் என்று பிரித்தறிய முடிந்ததில்லை.

அன்று பிடியில்லாத சின்னக் கோப்பையில் ஏலக்காய்க் கோப்பி வந்தது. பாதி குடிப்பதற்குள் நிரப்பிவிடுவார்; எத்தனை கோப்பை குடித்தேன் என்பதே தெரியவில்லை. வெளியே வந்தபோது என் பட்டியலில் ஏழாம் இலக்கத்துக்கு எதிரே வெறுமை. அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்றுகூட நான் அறியவில்லை. ஜோர்தானின் அம்மான் நகரில் ஒரு மகள், பிரேசிலில் ஒரு மகன், "மற்றவன்" என்று ஒருவன். மூன்றுக்குக் குறையாது, ஐந்துக்கு மேற்படாது என்று குறித்து வைத்தேன்.

அவர் எழுபதுகளில் இந்த நாட்டுக்கு வந்து உடுப்புத் தொழிற்சாலை ஒன்றில் தையல் வேலை செய்தவர். அங்கே மேற்பார்வையாளன் ஒவ்வொரு மாலையும் தைத்த காற்சட்டைகளை எண்ணுவானாம். இவர் ஒருநாளும் தொடர்ந்து இரண்டு நாள் ஒரே தொகை கொடுத்ததில்லை. ஒருநாள் நாற்பது, அடுத்தநாள் இருபத்தெட்டு, பிறகு முப்பத்தைந்து.

"கை அப்பிடி ஏறி இறங்குமோ?" என்று கேட்டேன்.

"கை ஒரேமாதிரித்தான் ஓடும். ரெண்டு நாள் நாப்பது குடுத்தால் மூண்டாம் நாள் நாப்பது கட்டளையாப் போயிடும், உஸ்தாஸ். எண்ணுறவனுக்கு ஒரு பழக்கம் வர விடக்கூடாது."

இப்படிப்பட்ட தொழிலாளிகளால்தான் சராசரி என்ற அருமையான கருவி கெட்டுப்போகிறது என்று சொன்னேன். அதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டு இன்னொரு கோப்பை ஊற்றினார்.

ஐந்து வருடத்துக்கொருமுறை இங்கேயும் குடிசன மதிப்பீடு வரும். எனக்கு அது திருநாள். படிவத்தை வாசித்து, கேள்விகளின் குறைகளைப் பென்சிலால் குறித்து, பிறகு நிரப்புவேன். அவர் தன் படிவத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இதை வச்சு ஆமிக்கு ஆள் எடுப்பினமோ, வரி போடுவினமோ, மா குடுப்பினமோ?"

"மூண்டும் இல்லை. திட்டமிடுறதுக்கு."

"என்னத்தைத் திட்டமிட?"

"பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரோட்டு."

"ரோட்டோ?" என்று கதிரையில் அமர்ந்தார். "எங்கட ஊரிலயும் வெள்ளைக்காரன் நல்ல ரோட்டுப் போட்டவன். அவன்ர ஆமி லொறி கெதியா வந்து சேர்ந்தது."

அந்தக் கேள்வியிலிருந்த மூன்றும் அவர் குடும்பத்துக்கு ஒன்றன்பின் ஒன்றாக நடந்தவை. பதினொரு வருடத்தில் துண்டு துண்டாகச் சொன்னார். வரிசையாக ஒருநாளும் சொல்லவில்லை. வருடங்களை ஒட்டி வைத்தவன் நான்தான்.

துருக்கியர் காலத்தில் அவருடைய பூட்டனாரின் கிராமத்துக்குக் காணி பதிய உத்தியோகத்தர் வந்தார்கள். பெயர் கொடுத்தால் வரி வரும், மகன்மாரைப் பட்டாளத்துக்குப் பிடிப்பார்கள் என்று ஊர் பயந்தது. ஆகவே ஊரிலுள்ளவர்கள் எல்லோரும் கூடி ஒரு கெட்டித்தனம் செய்தார்கள். காணி முழுவதையும் பட்டணத்துப் பெரிய மனிதர் ஒருவரின் பெயரில் எழுதவிட்டார்கள். அவர் படித்தவர், கையெழுத்துப் போடத் தெரிந்தவர், வருடத்துக்கொருமுறை வந்து ஆட்டிறைச்சி சாப்பிட்டுவிட்டுப் போகிறவர். இரண்டு தலைமுறை எல்லாம் நன்றாக நடந்தது. உழுதவன் உழுதான், அறுத்தவன் அறுத்தான், பதிவேட்டில் அந்த ஊரில் ஒரு மனிதனும் இல்லை. பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். பெரிய மனிதரின் வாரிசு பெய்ரூட்டில் இருந்தபடியே ஒரு கடதாசியில் கையெழுத்திட்டு, வெளியிலிருந்து குடியேற வந்தவர்களுக்குக் காணியை விற்றான். பொலிஸ் வந்து ஊரை வெளியேறச் சொன்னது. நீங்கள் யார் என்று கேட்டது. பதிவேட்டில் இல்லாதவர்கள் அதற்கு என்ன சொல்வது?

"அப்ப பதியாமல் விட்டதுதானே பிழை?" என்றேன். முப்பத்தொரு வருடச் சேவை அப்படித்தான் பேச வைக்கும்.

"பதிஞ்ச ஊரில பெடியளைப் பட்டாளத்துக்குக் கொண்டுபோனவங்கள். ஒருத்தனும் திரும்பி வரேல்லை. நீங்கள் சொல்லுங்கோ உஸ்தாஸ், எந்தப் பிழை நல்ல பிழை?"

காணி போன பாட்டனார் யாஃபாத் துறைமுகத்தில் மூட்டை சுமக்கப் போனார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் ஆண்டு ஆங்கிலேயருக்கும் குடியேற்றத்துக்கும் எதிராக நாடு முழுக்க வேலைநிறுத்தம். ஆறு மாதம் துறைமுகம் மூடிக் கிடந்தது. மூட்டை தூக்குபவர்கள் பட்டினி கிடந்து மூடி வைத்தார்கள். அரசாங்கம் பக்கத்து நகரத்தில் புதிய இறங்குதுறை ஒன்றைத் திறந்துவிட்டது. அந்த வருடத்தில்தான் ஒருநாள் விமானம் வந்து துண்டுப்பிரசுரம் போட்டதாம். பழைய நகரத்தின் சந்துகளைத் திறந்து, சுகாதாரத்தையும் அழகையும் மேம்படுத்தப் போகிறோம், வீடுகளை விட்டு வெளியேறுங்கள் என்று. வெடி வைத்துத் தரைமட்டமாக்கியதில் பாட்டனாரின் அறையும் போனது. சிலர் நீதிமன்றம் போனார்கள். இடித்தது சட்டப்படி சரி, ஆனால் சொன்ன காரணம் உண்மையில்லை என்று நீதிபதி சொன்னாராம். சந்துக்குள் ஒளிந்துகொண்டு சுடுகிறவர்களைப் பிடிக்கத்தான் இடித்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"நல்ல நீதிபதி," என்றார் அவர். "வீட்டைத் தரேல்லை. காரணத்தைத் திருத்தித் தந்தவர்."

இன்னொருநாள் தலைத்துணிக் கதை. கிளர்ச்சிக்காரர்கள் அநேகம் பேர் கிராமத்து ஆட்கள். தலையில் துணி கட்டுவார்கள். பட்டணத்துக் கனவான்கள் சிவப்புத் தொப்பி போடுவார்கள். பட்டணத்தில் தலைத்துணியோடு நடப்பவனைப் படையினர் சுலபமாகப் பிடித்தார்கள். உடனே கிளர்ச்சிக்காரரிடமிருந்து உத்தரவு வந்தது: எல்லோரும் துணி கட்டுங்கள். வக்கீல், வைத்தியர், வியாபாரி எல்லோர் தலையிலும் துணி. படையினரால் யார் எவர் என்று சொல்ல முடியவில்லை.

"கனவான்களுக்கு விருப்பமோ?"

"முணுமுணுத்துக்கொண்டு கட்டினவை. கிளர்ச்சி அடங்கின அடுத்த கிழமை தொப்பி திரும்பவும் வந்திட்டுது. என்ர தாத்தா சொல்லுவார், அந்தக் காலத்தில துணிக்கடைக்காரன் ஒருத்தனுக்குத்தான் சரியான தொகை தெரியும் எண்டு."

நாற்பத்தெட்டில் அவருக்கு மூன்று வயது. யுத்தத்துக்குத் தப்பி யாஃபாவிலிருந்து வள்ளத்தில் லெபனானுக்கு. அங்கே அகதி முகாமில் மா, சீனி, எண்ணெய்க்கு ஆளுக்கு இவ்வளவு என்று அட்டை. துருக்கியருக்கும் ஆங்கிலேயருக்கும் குறைத்துச் சொல்லிப் பழகிய குடும்பம், முதல்தடவையாகக் கூட்டிச் சொல்லக் கற்றுக்கொண்டது. இவருக்கு ஏழு வயதாயிருக்கும்போது பாட்டனார் இறந்தார். அட்டையில் இறக்கவில்லை. விடியமுன் அடக்கம் செய்தார்கள். பெண்கள் ஒப்பாரி வைக்கக்கூடாது என்று கட்டளை. பங்கீட்டு எழுத்தர் இரண்டு கூடாரம் தள்ளியிருந்தார்.

"நாலு வருசம் தாத்தா மா சாப்பிட்டவர். உயிரோட இருக்கேக்கை அவ்வளவு சாப்பிட்டதில்லை," என்று சிரித்தார். பிறகு, "அம்மா மட்டும் வாய்க்குள்ள துணியை வச்சுக்கொண்டு அழுதவ," என்று சொல்லிவிட்டு, என் கோப்பையை நிரப்ப மறந்து உட்கார்ந்திருந்தார்.

அன்று நானும் என்னுடையதைச் சொன்னேன். மூன்றாவது குடிசன மதிப்பீட்டில் எங்கள் வடபகுதியை முழுதாக எண்ண முடியவில்லை. கொழும்பில் மேசையிலிருந்தபடி மதிப்பிட்டு எழுதினோம். நான் பிறந்த ஊரின் சனத்தொகையை நானே ஊகித்தேன்.

"பாத்தீங்களோ, உங்கட ஆக்களும் கெட்டிக்காரர்தான்."

"கெட்டித்தனமில்லை, அக்கா. யுத்தம்."

"நானும் அதைத்தானே சொல்லுறன்," என்றார்.

இதற்குப் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை. காஸாவிலிருந்து தப்பியவர்கள் கெய்ரோ வழியாகத் தற்காலிக விசாவில் இங்கே வரத் தொடங்கிய வருடம், ஏழாம் இலக்கத்து வாசலில் சப்பாத்துகள் பெருகின. சில காலை ஒரு சோடி, சில காலை இருபத்துமூன்று சோடி. இரக்கமுள்ளவர்கள் பைகளில் கொண்டுவந்து கொடுத்தவை, பாதி யாருக்கும் அளவில்லாதவை. அதனால் சப்பாத்தைக் கைவிட்டு ஆட்களை எண்ணினேன். மூன்று மாலைகள் பால்கனியில் அமர்ந்து, உள்ளே போகும் பெரியவர்களை முகம் பார்த்துக் குறித்தேன். ஒன்பது பேர்.

அந்த மாதம் தீயணைப்புப் பரிசோதனைக்காகக் கட்டட நிர்வாக நிறுவனம் ஆட்பட்டியல் கேட்டது. பதினொரு வருடமாக வெறுமையாயிருந்த கட்டத்தில் 9 என்று எழுதி மின்னஞ்சலில் அனுப்பினேன். கெட்ட எண்ணமில்லை. நெருப்புப் பிடித்தால் ஒன்பது பேரைக் காப்பாற்ற வேண்டும் என்று தீயணைப்பவர்களுக்குத் தெரிய வேண்டாமா? உண்மையைச் சொன்னால், வெறுமையான கட்டம் ஒன்று நிரம்பியதில் எனக்கொரு நிம்மதியும் இருந்தது.

மூன்று கிழமைக்குப் பிறகு அவருக்குக் கடிதம் வந்தது. கட்டடத்து விதிப்படி ஒரு படுக்கையறைக்கு இரண்டு பெரியவர்கள். இரண்டு அறை வீட்டில் நான்கு. உங்கள் வீட்டில் ஒன்பது என்று எங்கள் பதிவு காட்டுகிறது. குறைக்காவிட்டால் மேல்நடவடிக்கை.

எதிர்க்கதவு எட்டாம் இலக்கத்தில் மன்னார்ப் பிள்ளை ஒருத்தி, வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். படியில் என்னை மறித்தாள்.

"அங்கிள், நீங்களோ அந்தத் தொகையை அனுப்பினது?"

"நெருப்புப் பிடிச்சால் உதவுமெண்டு..."

"இப்பதான் பிடிச்சிருக்கு."

"சட்டத்தில வழியிருக்கும் பிள்ளை."

"அந்தச் சனம் எங்க போறது? வாடகைக்கு வீடு எடுக்கிறதெண்டால் பழைய வீட்டுக்காரன்ர கடிதம் கேப்பினம். அதுகளுக்கு வீடும் இல்லை, வீட்டுக்காரனும் இல்லை. அன்ரி ராத்திரி முழுக்கத் தைச்சுக்கொண்டிருக்கிறா. எனக்கு மெஷின் சத்தம் கேக்குது."

குழுவின் தலைவர் கோயம்புத்தூர்க்காரர், கணினித் துறை, நல்ல மனிதர். நேரே அவரிடம் போனேன்.

"அங்கிள், நான் என்ன பண்றது? லெட்டர்ல நம்பர் இருக்கே," என்றார். "ஒரு வழி இருக்கு. எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் சொந்தக்காரங்கன்னா அந்த ரூல் செல்லாது. யாரு யாருக்கு என்ன உறவுன்னு பேரோட எழுதி, சைன் பண்ணிக் குடுக்கச் சொல்லுங்க. அஞ்சு நிமிஷ வேலை."

ஐந்து நிமிட வேலையோடு ஏழாம் இலக்கத்துக் கதவைத் தட்டினேன். உள்ளே கூப்பிட்டார். கோப்பி தரவில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

"பேரோட?"

"பேரோட."

"அது ஆர் கையில போகும்?"

"நிர்வாக நிறுவனத்துக்கு."

"பிறகு?"

பிறகு எங்கே போகும் என்று எனக்குத் தெரியவில்லை. தீயணைப்புப் பட்டியல் எங்கே போகும் என்று தெரியாமல்தானே அனுப்பினேன்.

"உஸ்தாஸ், நீங்கள் கெட்டவரில்லை," என்றார். "எங்களை எண்ணினவங்களில ஒருத்தனும் கெட்டவனில்லை. எல்லாரும் ஒழுங்கான உத்தியோகத்தர். எண்ணி மேல அனுப்பிப்போட்டு வீட்டை போய்ச் சாப்பிட்டுப் படுத்திருப்பாங்கள்."

முப்பத்தொரு வருடமும் நான் அலுவலகம் முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தவன். அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று விளங்கவில்லை.

ஞாயிறு காலை பதினொரு மணிக்குக் கீழே வாகனத் தரிப்பிடத்தில் கூட்டம். ஏழு பேர் வந்திருந்தார்கள், ஆறு மடக்குக் கதிரைகள். நர்ஸ் பிள்ளை நின்றாள். ஏழாம் இலக்கத்திலிருந்து அவர் வரவில்லை. விவகாரம் எடுக்கப்பட்டதும் நான் எழுந்தேன்.

"அந்தத் தொகை பிழை."

"பிழைன்னா?" என்றார் தலைவர்.

"நான் பிழையாய் எண்ணிப்போட்டன். ஒன்பது இல்லை, நாலு."

குறுக்குக் கேள்விகள் வரும் என்று மூன்று தாளில் பதில் எழுதி வைத்திருந்தேன். எந்த நாள், எந்த வெளிச்சத்தில், எப்படி ஒருவரை இருமுறை எண்ணினேன் என்றெல்லாம். வாழ்க்கையில் ஒரு தொகையையும் திரித்துச் சொல்லாதவன், திரிப்பதையும் முறையாகத்தானே செய்வேன். முதல் தாளை விரித்து வாசிக்க வாயெடுத்தேன்.

"ஓ, அவ்ளோதானா! விடுங்க அங்கிள்," என்றார் தலைவர். "வயசாச்சுன்னா இதெல்லாம் சகஜம். எங்கப்பாவும் அப்படித்தான், போட்ட மாத்திரையையே மறுபடி எண்ணிப் பார்ப்பாரு."

எல்லோரும் என்னை அன்போடு பார்த்துத் தலையசைத்தார்கள். ஒன்பது நான்காகத் திருத்தப்பட்டது. அதே மூச்சில், எனக்கு ஓய்வு தேவை என்றும் இனிச் செயலாளர் வேலையைத் தலைவரே சேர்த்துப் பார்ப்பார் என்றும் ஏகமனதாகத் தீர்மானமானது. மொத்தம் நான்கு நிமிடம். என் வாழ்நாளின் முதல் பொய்யைச் சந்தேகிக்க மற்ற ஆறு பேரில் ஒருவருக்கும் மனமில்லை.

மேலே ஏறும்போது நர்ஸ் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்ல காரியம் செய்தீங்கள் அங்கிள். ஆனா உண்மையிலயே ஒன்பது பேரோ? நீங்கள் எட்டரைக்கே படுத்திடுறனீங்கள். அன்ரியைப் பாக்க வாற ஆக்கள் பத்து மணிக்குத்தானே திரும்பிப் போறவை."

பதினேழாவது படியில் நின்றுவிட்டேன். உள்ளே போனவர்களைக் குறித்திருந்தேன். வெளியே வந்தவர்களைக் குறிக்கவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த எழுத்தன்கூடச் செய்யாத பிழை. அப்படியானால் நான் சொன்ன பொய்தான் உண்மையா? ஐந்தா, ஆறா? இதை ஒருவரிடம் மட்டுமே கேட்கலாம், அவரோ சொல்லமாட்டார்.

ஏழாம் இலக்கத்தில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, பிரச்சினை முடிஞ்சுது. நாலு எண்டு சொல்லிப்போட்டன்."

மெஷின் நின்றது. "ஏன் நாலு?"

"விதியில நாலுதானே..."

"எண்ணேலாமப் போச்சு எண்டு சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. இப்ப நாலு எண்டு எழுதியாச்சு. இனி இந்த வீடு நாலுதான். நாளைக்கு ஒருத்தர் வந்தால் அஞ்சாவது ஆள் குற்றவாளி."

"நான் என்ர மானத்தை விட்டுப்போட்டு வந்து நிக்கிறன். அங்க என்னை வயசு போய் அறளை பேந்தவன் எண்டு நினைக்கினம்!"

"நினைக்கட்டும். அறளை பேந்த மனிசன் சொன்ன தொகையை ஏன் எழுதி வச்சவை எண்டு கேளுங்கோ." பிறகு எழுந்து குசினிக்குப் போனார். அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது. கோப்பி வந்தது. நன்றி என்ற சொல் வரவில்லை, அன்றும் பிறகும்.

அடுத்த கிழமை நிறுவனத்திலிருந்து அவருக்குக் கடிதம்: நான்கு பேர் எனப் பதிவு செய்துள்ளோம், தொகை கூடினால் பதினான்கு நாட்களுக்குள் அறிவிக்கவும். அதை என் கதவுக்குக் கீழே தள்ளிவிட்டிருந்தார். மறுபக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை என் கதவு தட்டப்பட்டது. அவரும், பக்கத்தில் நாற்பது வயதுள்ள ஒரு மனிதனும். கையில் ஒரு பை, உடம்பில் இரவல் கோட்டு. காஸாவில் மருந்துக்கடை வைத்திருந்தவர். அவர் மனைவி ஏற்கெனவே ஏழாம் இலக்கத்தில். இவர் மட்டும் விசாவுக்காகக் கெய்ரோவில் எட்டு மாதம் காத்திருந்திருக்கிறார்.

"உங்கட கணக்கில என்ர வீடு நாலு," என்றார் அக்கா. "இவர் அஞ்சு. இவரை எங்க எழுதுறது எண்டு நீங்களே சொல்லுங்கோ."

முன்னறைக் கட்டிலில் அடுக்கியிருந்த பழைய பத்திரிகைகளைத் தூக்கத் தொடங்கினேன். மருந்துக்கடைக்காரர் பையை வைத்துவிட்டு மறுபக்கத்தைப் பிடித்தார். அக்கா வாசலில் நின்று, எந்தப் பத்திரிகைக் கட்டை எங்கே வைக்க வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் கட்டளையிட்டார்.

முதல் ஞாயிறு. என் வீட்டு மேசையில் அக்கா, மருந்துக்கடைக்காரர், நான். முட்டையும் தக்காளியும் சேர்த்துப் பொரித்தது அந்த மனிதர். குசினி முழுக்கச் சீரக வாசம். மனைவி கீழே தூங்குகிறாள் என்றார்கள். தொலைபேசி அடித்தது. மெல்பேணிலிருந்து என் மகள். அவள் அங்கே கிளேட்டன் பகுதியில் ஆராய்ச்சி வேலை செய்கிறாள். அப்பா தனியே விழுந்து கிடப்பார் என்ற பயத்தில் ஞாயிறு தவறாமல் எடுப்பாள்.

"அப்பா, சாப்பிட்டீங்களோ? பின்னால என்ன சத்தம்? ஆரும் வந்திருக்கினமோ?"

சட்டப்படி என் வீட்டிலும் நான்கு பேர் இருக்கலாம். நாங்கள் இரண்டு பேர்தான், ஒரு விருந்தாளியைச் சேர்த்தாலும் மூன்று. மறைப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. அதுவும் சொந்த மகளிடம். மேசையில் மூன்று கோப்பைகள் ஆவி விட்டுக்கொண்டிருந்தன; மருந்துக்கடைக்காரர் பாணைப் பிய்த்த கையை நிறுத்தி என் முகத்தையே பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. தன்னைப் பற்றிய கேள்வி என்பது மட்டும் தெரிந்திருந்தது.

"ஒருத்தரும் இல்லைப் பிள்ளை," என்றேன். "நான் தனியத்தான்."